சமகால ரஷ்ய இலக்கியத்தில் முனைவர் பட்டம்: மாஸ்கோவா, பெர்லினா, நியூயார்க்கா, டெல்லியா?

ரஷ்ய மொழியில் எம்.ஏ. முடித்தவர்களும் முடிக்கப்போகிறவர்களும் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். சமகால இலக்கியத்தில் பிஎச்.டி. செய்து, அதிலேயே ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ நிலைக்க வேண்டும், எங்கே போவது? 2021 வரை இதற்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. மொழி கைவர மாஸ்கோ, பணத்துக்கும் பெயருக்கும் அமெரிக்கா, இரண்டும் வாய்க்காவிட்டால் டெல்லி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது முழுப் போர் தொடங்கியபின் அந்தப் பதில் காலாவதியாகிவிட்டது. இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும் மூத்தவர்கள் இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் சமகாலம் என்றால் பொதுவாக 1991க்குப் பிந்தைய எழுத்து. (தமிழ் வாசகருக்கு ரஷ்ய இலக்கியம் சோவியத் பதிப்பகங்களான முன்னேற்றப் பதிப்பகத்தோடும் ராதுகாவோடும் நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் வந்த முப்பது ஆண்டு எழுத்தில் தமிழுக்கு வந்தது மிகச் சொற்பம்.) அந்த எழுத்தை உண்டாக்கியவர்களில் பெரும்பகுதியினர் இப்போது நாட்டுக்கு வெளியே. விளாதிமிர் சரோக்கினும் லுத்மீலா உலீத்ஸ்கயாவும் பெர்லினில் வாழ்கிறார்கள். மிகயீல் ஷிஷ்கின் 1995 முதலே சுவிட்சர்லாந்தில் இருக்கிறார். போரிஸ் அக்கூனினை 2023 டிசம்பரில் பயங்கரவாதிகள், தீவிரவாதிகள் பட்டியலில் சேர்த்தார்கள். 2025 ஜூலையில் அவர் இல்லாமலே விசாரித்து 14 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். திமீத்ரி குளுகோவ்ஸ்கிக்கு அதே முறையில் 2023இல் 8 ஆண்டு. மறுபக்கம் யெவ்கேனி வதலாஸ்கின், அலெக்ஸேய் இவானவ், ஸகார் பிரிலேப்பின், முகமே காட்டாத விக்டர் பெலேவின் ஆகியோரின் நூல்கள் ரஷ்யாவுக்குள் அச்சாகி, அடுக்கில் நின்று விற்கின்றன.

ஆக, நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்து ஆய்வு செய்கிறீர்களோ, அந்த ஊரே யாரைப் பற்றி எழுதலாம் என்பதில் பாதியை முடிவு செய்துவிடும். பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்வேன். உங்களுக்கு வேண்டிய எழுத்தாளர்களைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுத முடியுமா? மொழியும் புத்தகமும் எவ்வளவு பக்கத்தில் கிடைக்கும்? படிக்கும் காலத்தில் கையில் காசு இருக்குமா? எத்தனை ஆண்டு பிடிக்கும், முடித்தபின் வேலை உண்டா? இந்தக் கதவைத் திறந்தால் வேறெந்தக் கதவு மூடும்?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இன்றைய நிலையில் அதுதான் விலை அதிகம். முதல் கேள்விக்கு நான் அதிக எடை தருவேன். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் மூன்றாவதுக்குத் தரலாம். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

## ரஷ்யா

ஆய்வுப் படிப்புக்கு அங்கே அஸ்பிரந்தூரா என்று பெயர். மொழி, இலக்கியம் போன்ற மனிதவியல் துறைகளில் பொதுவாக 3 ஆண்டு. முடிவில் கிடைப்பது கந்திதாத் நாவூக் பட்டம், இந்தியாவில் பிஎச்.டி.க்கு இணையாகக் கொள்ளப்படுவது. ரஷ்ய அரசின் ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது. விடுதி மலிவு. மொழி போதாதவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பும் அதிலேயே அடங்கும். சென்னையில் கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்ய இல்லத்தில் விசாரித்தால் விண்ணப்ப விவரம் கிடைக்கும். மாதாமாதம் தரும் தொகை மட்டும் கைச்செலவுக்கே காணாது. வீட்டிலிருந்து பணம் வரவேண்டும். 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாது என்பதால் அந்தப் பணம் போய்ச் சேருவதே தனிப் பாடு.

மொழி விஷயத்தில் இதற்கு இணை இல்லை. மூன்று ஆண்டு அங்கே வாழ்ந்தவர் சரோக்கினின் கொச்சையையும் பெலேவினின் விளம்பர மொழிக் கிண்டலையும் காதால் பிடிப்பார். அகராதியோடு வளர்ந்தவருக்கு அது வாய்ப்பது அரிது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகம், கோர்க்கி உலக இலக்கிய நிறுவனம், பீட்டர்ஸ்பர்க்கில் பூஷ்கின் இல்லம் என்று எல்லோரும் அழைக்கும் ரஷ்ய இலக்கிய நிறுவனம் என்று இடங்களுக்கும் குறைவில்லை. வதலாஸ்கினே பூஷ்கின் இல்லத்தில் பண்டைய ரஷ்ய இலக்கிய ஆய்வாளர்தான். 15ஆம் நூற்றாண்டு வைத்தியனை நாயகனாக்கி அவர் எழுதிய நாவல் 2013இல் 'பெரிய புத்தகம்' பரிசு வாங்கியபோது, சுவடி படிக்கிறவருக்குள் இப்படி ஒரு நாவலாசிரியரா என்று பலர் வியந்தார்கள்.

இனி, கையேடுகளில் இல்லாத செலவுகள். அஸ்பிரந்தூராவை முடிப்பது வேறு, பட்டம் பெறுவது வேறு. உயர் சான்றளிப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள இதழ்களில் மூன்று கட்டுரையாவது வர வேண்டும், பிறகு ஆய்வேட்டுக் குழுவின் முன் வாதிட வேண்டும். மூன்றாண்டு முடித்துச் சான்றிதழோடு ஊர் திரும்பி, ஆய்வேட்டை முடிக்காமலே விட்டவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு.

அதைவிடப் பெரியது, வாதிடும் நாளுக்கு முன்பே ஆய்வேட்டின் முழு வடிவத்தையும் இணையத்தில் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற விதி. நல்ல விதிதான், திருட்டைத் தடுக்கும். ஆனால் உங்கள் ஆய்வு அக்சானா வாசியாக்கினாவின் 2021 நாவலான 'காயம்' பற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயின் அஸ்தியைச் சைபீரியாவுக்குக் கொண்டுபோகும் மகள், தான் பெண்களை நேசிப்பதையும் சேர்த்தே பேசுகிற நாவல். 2023 நவம்பர் 30 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் 'சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்' என்று ஒன்றைத் தீவிரவாத இயக்கமாக அறிவித்தது. அப்படி ஓர் அமைப்பு எங்கும் பதிவானதில்லை. அதனால் அந்தத் தீர்ப்பு யார் மீது வேண்டுமானாலும் பாயலாம். இந்த நிலையில் எந்த வழிகாட்டி அந்தத் தலைப்புக்குக் கையெழுத்திடுவார்? அவருக்கும் வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது.

பதிப்பாளர்களே எப்படி நடுங்குகிறார்கள் என்பதற்கு 2024 ஒன்றே போதும். சரோக்கினின் 'நஸ்லேதியே' நாவலைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். இத்தாலியத் திரைப்பட இயக்குநர் பசோலினியின் வாழ்க்கை வரலாறு பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசி வெளிவந்தது. 2025இல் பீட்டர்ஸ்பர்க்கின் பெயர்பெற்ற புத்தகக்கடையான பத்பீஸ்னியே இஸ்தானியாவில் சோதனையும் அபராதமும். வழிகாட்டிகளின் நிலையும் இதே மாதிரிதான்: உயர் பொருளாதாரப் பள்ளி போன்ற இடங்களில் சமகாலக் கவிதையும் உரைநடையும் கற்பித்தவர்களில் பலர் 2022க்குப் பிறகு நாட்டை விட்டே போய்விட்டார்கள். இராணுவத்தை இழிவுபடுத்துவதற்கு எதிராக 2022 மார்ச்சில் வந்த சட்டம் வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்தும் என்பதை, சமூக ஊடகத்தில் கைதுறுதுறுக்கும் தம்பி தங்கைகள் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின்னும் ரஷ்யா சரியான தேர்வாக இருக்கும் ஆய்வுகள் உண்டு. உள்ளேயே அச்சாகிக் குவியும் எழுத்தை யாராவது ஆராய்ந்துதான் ஆக வேண்டும்: போரைப் பாடும் கவிதைத் தொகுப்புகள், இன்றைய ஆள் ஸ்டாலின் காலத்தில் போய் விழுந்து வரலாற்றைத் திருத்தும் 'பபதான்த்ஸி' கதைகள், மாகாணங்களின் நாவல்கள். மேற்கில் இதைத் தொட ஆள் குறைவு, தொட்டாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தொடுகிறார்கள். 1990களின் இலக்கிய இதழ்கள், அக்காலப் பின்நவீனத்துவம் பற்றிய ஆய்வுக்கும் மாஸ்கோ நூலகங்களே மேல்.

## ஜெர்மனி

இங்கே முனைவர் மாணவர் பல இடங்களில் ஊழியர். மாநில அரசுகளின் ஊதியப் பட்டியலில் 13ஆம் நிலை, அதில் 50 அல்லது 65 சதவீதப் பணி. 65 சதவீதம் என்றால் வரிக்கு முன் மாதம் சுமார் 3,000 யூரோ. கல்விக் கட்டணம் அநேகமாக எங்கும் இல்லை. நான்கு ஆண்டில் முடிக்கலாம்.

எழுதும் சுதந்திரம் முழுசு. எழுத்தாளர்களும் அருகிலேயே இருக்கிறார்கள். பெர்லினில் ரஷ்ய மொழி வாசிப்புக் கூட்டம் இல்லாத வாரம் அபூர்வம். பிரெமன் பல்கலைக்கழகத்தின் கிழக்கு ஐரோப்பிய ஆய்வகத்தில் சோவியத் காலத் தலைமறைவு எழுத்துகளின் பெரும் காப்பகம் இருக்கிறது. ட்ரியர் பல்கலைக்கழகத்தில் சமகால ரஷ்ய மொழிக் கவிதைக்கென்றே ஓர் ஆய்வுக்குழு இயங்கியது. எல்லை தாண்டினால் சுவிட்சர்லாந்தின் பாசெல்; அங்குள்ள ஸ்லாவிய அறிஞர்களோடு சேர்ந்து ஷிஷ்கின் 2024இல் தொடங்கிய 'தார்' பரிசு, வெளியே எழுதப்படும் ரஷ்ய இலக்கியத்துக்குப் புதிய அளவுகோலாகி வருகிறது.

மறைவான செலவு இரண்டு மொழிகள். அங்கே ரஷ்யத் துறை என்று தனியாகக் கிடையாது, ஸ்லாவியவியல்தான். போலிஷ், செக், உக்ரைனியன் என்று இரண்டாவதாக ஒரு ஸ்லாவிய மொழியை எதிர்பார்ப்பார்கள். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத அனுமதித்தாலும் பாடம் எடுக்கவும் துறைக் கூட்டத்தில் வாய்திறக்கவும் ஜெர்மன் வேண்டும். ரஷ்யனோடு இந்த இரண்டையும் சுமந்துகொண்டு முப்பது வயதைத் தொடுவது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை.

அடுத்தது காலக்கெடு. கல்விப் பணிக்கான சட்டப்படி முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டுதான் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம். அதற்குள் பேராசிரியர் ஆகாவிட்டால், நாற்பதை ஒட்டிய வயதில் வேறு பிழைப்பு தேட வேண்டும். ஸ்லாவியவியலில் பேராசிரியர் இடம் காலியாவதே அரிது. காலியானதை நிரப்பாமல் விடுவதும் நடக்கிறது.

பிரிட்டனையும் சிலர் கேட்கிறார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் யு.சி.எல். மூன்றிலும் துறை வலுவானது. முழு உதவித்தொகை கிடைத்தால் போகலாம், கடன் வாங்கிப் போக வேண்டாம்.

## அமெரிக்கா

ஐந்தாறு ஆண்டு, பலருக்கு ஏழு. பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும். பதிலுக்கு முதலாண்டு மாணவர்களுக்கு ரஷ்ய மொழி கற்பிக்க வேண்டும். பாடங்களும் தகுதித் தேர்வுகளும் கடுமையானவை. 18ஆம் நூற்றாண்டிலிருந்து எல்லாவற்றையும் படிக்க வைத்த பிறகுதான் சமகாலத்தைத் தொட விடுவார்கள். இது வீண் என்று தோன்றும். தல்ஸ்தோயை வைத்துத்தான் சரோக்கின் விளையாடுகிறார் என்பதால் வீணில்லை.

இந்தத் துறையின் மையமே ஒருவகையில் இங்கு வந்துவிட்டது. யெக்கத்தெரின்பர்க்கில் தந்தை நவும் லெய்தெர்மனோடு சேர்ந்து சமகால ரஷ்ய இலக்கியத்துக்கான பாடநூலை எழுதிய மார்க் லிப்பவேத்ஸ்கி இப்போது நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில். ரஷ்யாவில் இந்தத் துறையில் படிப்பவர்கள் இன்றும் கையில் எடுக்கும் நூலை எழுதியவரிடம் அமெரிக்காவில்தான் படிக்க முடியும்.

ஆனால் வேலை? 2023இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் உலக மொழிகள் துறையையே கலைத்தது. பாஸ்டன் பல்கலைக்கழகம் மனிதவியல், சமூக அறிவியல் முனைவர் படிப்புகள் பலவற்றில் 2025 சேர்க்கையை நிறுத்தியது. சிகாகோவும் அதே ஆண்டு மனிதவியல் துறைகள் பலவற்றில் அடுத்த சேர்க்கையைக் குறைத்தது, சிலவற்றில் நிறுத்தியது. கிடைக்கும் சில இடங்களுக்கான விளம்பரங்களும் மாறிவிட்டன. 2023 ஸ்லாவிய ஆய்வுச் சங்க மாநாட்டின் கருப்பொருளே காலனிய நீக்கம். ரஷ்யன் மட்டும் தெரிந்தவரைவிட, உக்ரைனியனோ கசாக்கோ சேர்த்துத் தெரிந்தவருக்கே வாய்ப்பு. காலனியாக இருந்த நாட்டிலிருந்து போகிறவருக்கு இந்த விவாதத்தில் சொல்ல நிறைய இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அதைச் சொல்ல ரஷ்யனோடு இன்னொரு மொழியும் வேண்டும்.

மொழிப் பயிற்சிக்கு அமெரிக்க அரசு தரும் சிறப்பு நிதிகள் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். கோடை முகாம்கள் மாஸ்கோவை விட்டு அல்மாத்தி, திபிலிசி என்று நகர்ந்துவிட்டன. நாட்டுக்கு வெளியிலிருந்து வருபவருக்கான புதிய எச்1பி வேலை விசா மனுவுக்கு 1,00,000 டாலர் என்று 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பு, சிறு கல்லூரிகள் வெளிநாட்டவரை எடுக்க யோசிக்க வைக்கும். மூடும் கதவு பற்றி முன்பு சொன்னேன்: யேல் பல்கலைக்கழகத்தை ரஷ்யா 2025 ஜூலையில் 'வேண்டாத அமைப்பு' என்று அறிவித்தது. அதற்கு முன்பே, 2021இல், பார்டு கல்லூரி. அப்படிப்பட்ட அமைப்பின் செயல்பாட்டில் பங்கெடுப்பது ரஷ்யச் சட்டப்படி குற்றம். அங்கே படித்துவிட்டு மாஸ்கோ நூலகத்துக்குப் போவதற்குமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

## இந்தியா

இதைக் கடைசிப் புகலிடமாகப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை.

டெல்லியில் 1965இல் தொடங்கிய ரஷ்ய ஆய்வு நிறுவனம்தான் பின்னால் ஜே.என்.யு.வின் ரஷ்ய ஆய்வு மையமானது. டெல்லிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகமான இஃப்ளு, புனே, திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகம் என்று துறைகள் இருக்கின்றன. ரஷ்யனில் நெட் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. மாஸ்கோ உதவித்தொகையோடு ஒப்பிட்டால் இது ராஜவாழ்வு. குடும்பத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. பெண்களுக்கு வீட்டில் அனுமதி வாங்கும் போரும் குறையும், இதை வெட்கப்படாமல் கணக்கில் சேர்க்கலாம்.

குறைகள் தெரிந்தவைதான். நூலகத்தில் 1991க்குப் பிந்தைய நூல்கள் சொற்பம். தஸ்தயேவ்ஸ்கி, செக்கவ், இந்தியாவில் அவர்கள் தாக்கம் என்றே தலைப்புகள் சுழல்கின்றன. நிரந்தர இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. வேலை கிடைத்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுப்பதிலேயே முதல் சில ஆண்டுகள் போகும். இலக்கியப் பாடம் மூத்தவர் ஓய்வு பெற்றால்தான் கைக்கு வரும்.

ஆனால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு இன்று ஒரு வசதி இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்கள் மின்விசாவில் ரஷ்யா போகலாம். அதே ஆள் அடுத்த மாதம் பெர்லினில் உலீத்ஸ்கயாவின் கூட்டத்திலும் உட்காரலாம். அமெரிக்க ஆய்வாளருக்கு முதல் பாதி கடினம், ரஷ்ய ஆய்வாளருக்கு இரண்டாவது பாதி ஆபத்து. டெல்லியில் எழுதும் ஆய்வேடு ரஷ்ய இணையதளத்தில் ஏற வேண்டியதும் இல்லை. இந்த வசதியை இந்தியத் துறைகள் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஆற்றாமை.

தூரத்திலிருந்து ஆராய்ந்தால் ஆழம் வராது என்பவர்களுக்கு அலெக்ஸாண்டர் துப்யான்ஸ்கியை நினைவூட்டலாம். 2020இல் மறைந்த அவர் மாஸ்கோவில் இருந்துகொண்டே சங்க இலக்கியத்தில் வாழ்நாளைக் கழித்தவர். அவருடைய திணை ஆய்வைத் தமிழ்நாட்டில் யாரும் அயலாள் எழுத்து என்று ஒதுக்கியதில்லை.

## ஒரே பார்வையில்

| | ரஷ்யா | ஜெர்மனி | அமெரிக்கா | இந்தியா |
|---|---|---|---|---|
| எழுதும் சுதந்திரம் | வெளியேறியவர்கள், பாலினம், போர் பற்றி மிகக் குறைவு | முழுசு | முழுசு | இந்தத் தலைப்புகளுக்குப் போதிய அளவு |
| மொழிச் சூழல் | நிகரற்றது | புலம்பெயர்ந்தோரால் நன்று | வகுப்பறை அளவில் | பலவீனம், பயணத்தால் ஈடுகட்டலாம் |
| வருமானம் | வீட்டுப் பணம் தேவை | ஊதியம் | நல்ல உதவித்தொகை | ஜே.ஆர்.எஃப். இருந்தால் நன்று |
| காலம் | 3 முதல் 5 ஆண்டு | 4 ஆண்டு சுமார் | 5 முதல் 7 | சுமார் 5 |
| மறைவான செலவு | தலைப்புக் கட்டுப்பாடு, பணப் பரிமாற்றம் | இரண்டாம் ஸ்லாவிய மொழி, ஜெர்மன், காலக்கெடு | சுருங்கும் வேலைவாய்ப்பு, விசா | நூல் பஞ்சம், மொழிப்பாடச் சுமை |

## யாருக்கு எது

ரஷ்யன் இன்னும் தடுமாறுகிறது, வயது 22, 23 என்றால் பிஎச்.டி.யை ஒத்திப்போடுங்கள். ஒதுக்கீட்டில் ஓர் எம்.ஏ.வுக்கு ரஷ்யா போய் மொழியைக் கைப்படுத்திக்கொண்டு, ஆய்வுக்கு வெளியே வாருங்கள். எம்.ஏ. ஆய்வேட்டுக்குப் பாதுகாப்பான தலைப்பு போதும். இந்த இரட்டைப் பாதையைத்தான் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வேன்.

மொழி நன்றாக இருக்கிறது, வெளியேறியவர்களின் எழுத்தே உங்கள் நாட்டம் என்றால் ஜெர்மனி. பேராசிரியர் பதவி நிச்சயமில்லை என்பதை ஏற்றுக்கொண்டு போங்கள். பதிப்பகம், மொழிபெயர்ப்பு, அறக்கட்டளை என்று பக்கத்து வழிகள் அங்கே உண்டு. கோட்பாட்டில் பலமும் ஆங்கிலத்தில் எழுதும் கையும் இருந்து, முன்னணி இடம் ஒன்றில் முழு நிதி கிடைத்தால் மட்டும் அமெரிக்கா. இரண்டாம் நிலைப் பல்கலைக்கழகம் பாதி நிதி தந்தால் மறுத்துவிடுங்கள். இந்தியாவிலேயே கற்பிக்கப்போகிறேன் என்று உறுதியாக இருப்பவருக்கு ஜே.ஆர்.எஃப். உடன் டெல்லியோ ஹைதராபாதோ எந்த வகையிலும் தாழ்ந்ததில்லை. வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பியவரைப் போல இணைச்சான்றுக்கு அலைய வேண்டியதும் இல்லை.

விண்ணப்பம் போடுமுன் ஓர் அரைநாள் ஒதுக்குங்கள். ஆய்வேட்டில் வரப்போகும் பத்து நூல்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று குறிப்புகள்: ஆசிரியர் இப்போது எந்த நாட்டில், நூலை வெளியிட்டது ரஷ்யப் பதிப்பகமா அல்லது ஃப்ரீடம் லெட்டர்ஸ் போல 2022க்குப் பின் வெளியே தொடங்கியதா, மாஸ்கோ கடையில் இன்று வாங்க முடியுமா. ஏழெட்டு நூல்கள் வெளியே விழுந்தால் அஸ்பிரந்தூரா படிவத்தை நிரப்ப வேண்டாம். பாதிப் பாதி வந்தால், இரு பக்கமும் போய்வரக்கூடிய வழிகாட்டி யார் என்று தேடுங்கள். பத்து நூல்களை எழுதவே முடியவில்லை என்றால் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை இன்னும் வரவில்லை. இன்னும் ஓராண்டு படிக்க வேண்டியிருக்கிறது.